பம்பை மாற்றும் முன் கேஜை மாட்டுங்கள்: ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரைச் சோதிக்கும் முறை

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன்னுடைய பழைய பெட்ரோல் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "அண்ணே, காலையில நாலஞ்சு தடவ செல்ஃப் அடிச்சாத்தான் எடுக்குது. லிட்டருக்குப் பதினாறு குடுத்த வண்டி, இப்பப் பதினொண்ணு கூடக் குடுக்கல. பிளக் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு. அப்படியேதான் இருக்கு" என்றார். புதுப் பம்ப் வாங்கிய பில்லும், கழற்றிய பழைய பம்பும் ஒரு துணிப்பையில் இருந்தன.

என்ஜின் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, பானட்டைத் தூக்கி, ரெகுலேட்டரின் தலையில் செருகியிருந்த வேக்குவம் ஹோஸை உருவினேன். பென்சில் தடிமன்கூட இல்லாத கறுப்பு ரப்பர் குழாய். அதன் வாயில் ஒரு சொட்டு பெட்ரோல் திரண்டு, தொங்கி, என் கட்டைவிரல் நகத்தில் விழுந்தது. துடைப்பதற்குள் காய்ந்துவிட்டது, நகத்தில் சில்லிப்பு மட்டும் மிச்சம். காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழாய் அது. பெட்ரோலுக்கு அங்கே வேலையே இல்லை.

அவருக்குப் பம்ப் செலவு வீண் போயிருந்தது. இரண்டு நிமிட வேலை அதைத் தடுத்திருக்கும். பழைய வண்டி வாங்கி, தானே பார்த்துப் பழக நினைப்பவர்களுக்காகவும், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு பிரஷர் கேஜும் பொறுமையும் இருந்தால், எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்பே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம்.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கண்மாயே போதும். மாடக்குளம் கண்மாய் மறுகால் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். வரத்துக்கால் வழியே தண்ணீர் வருகிறது, மடை வழியே வயலுக்குப் போகிறது, மிஞ்சியது கலுங்கு தாண்டி மறுகாலில் ஓடுகிறது. கலுங்கின் உயரம்தான் கண்மாயின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது.

காரில் வரத்துக்கால் என்பது டேங்கில் இருக்கும் பம்ப். கண்மாய் என்பது என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை வரிசையாகச் செருகியிருக்கும் குழாயான ஃபியூயல் ரெயில். மடைகள்தான் இன்ஜெக்டர்கள். ரெயிலின் ஒரு முனையில் டப்பா போல உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர்தான் கலுங்கு. அதிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டன் லைன் மறுகால். என்ஜினுக்குத் தேவையானதைவிடப் பம்ப் எப்போதும் அதிகமாகவே தள்ளும். மிஞ்சியதை ரெகுலேட்டர் திருப்பி அனுப்பி, ரெயிலில் அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும்.

கலுங்கில் கற்களுக்கு நடுவே பலகை போட்டு மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்துவார்கள் அல்லவா, அந்த வேலையும் ரெகுலேட்டருக்குள் நடக்கிறது. டப்பாவுக்குள் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர்த் தடுப்பு. அதன் ஒரு பக்கம் பெட்ரோல். மறுபக்கம் ஒரு ஸ்பிரிங், கூடவே என்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்குவம் ஹோஸ். ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் உறிஞ்சல் பலமாக இருக்கும். அந்த உறிஞ்சல் இன்ஜெக்டரின் மூக்கிலிருந்தும் பெட்ரோலை இழுக்கும். அதை ஈடுகட்ட, அதே உறிஞ்சல் டயாஃப்ரத்தையும் இழுத்து, ரெயில் அழுத்தத்தை அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் இறக்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உறிஞ்சல் போய்விடும். ஸ்பிரிங் அழுத்தும், அழுத்தம் மேலே ஏறும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த வகை வண்டிகளில் என்ஜின் கம்ப்யூட்டருக்கு ரெயில் அழுத்தம் எவ்வளவு என்றே தெரியாது. இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கிறது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது. 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 4 பார் இருந்தால், அதே நேரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் இறங்கும். ஆக்ஸிஜன் சென்ஸர் முடிந்தவரை குறைத்துப் பார்க்கும். அதன் எல்லை தாண்டியதும் புகை கறுக்கும், பிளக்கில் கரி படியும், மைலேஜ் விழும்.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை?

இதைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ரெயிலுக்கு இரண்டு குழாய்கள் வருகின்றனவா, முனையில் வேக்குவம் ஹோஸோடு உலோக டப்பா இருக்கிறதா? அப்படியென்றால் ரிட்டன் லைன் உள்ள பழைய எம்.பி.எஃப்.ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) வகை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான். ரெயிலுக்கு ஒரே குழாய்தான் வருகிறது, டப்பா எதுவும் இல்லை என்றால் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்ப்போடு சேர்ந்து இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கார்புரேட்டர் வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. டீசல் காமன் ரெயில் வண்டியிலும், சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் அடிக்கும் புது என்ஜின்களிலும் அதிக அழுத்தப் பக்கத்தைக் கை வைத்துத் தளர்த்தவே கூடாது. காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். ஊசி போன்ற அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். பெரிதாக்கிச் சொல்லவில்லை. அந்த வண்டிகளுக்கு ஸ்கேனரும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

இடமும் நேரமும்

நம் ஊர் வீடுகளில் காரை நிறுத்தும் போர்ட்டிகோவுக்கு ஒட்டினாற்போல் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்: ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காஸ் அடுப்பு, வாசலில் விளக்கு, மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி, சாயங்காலமானால் கொசுவர்த்தி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, நீங்கள் நினைக்காத இடத்துக்குப் போய்ச் சேரும். அதனால் வண்டியைத் தெருவோரத்துக்கோ, காலி மனைக்கோ கொண்டுபோங்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர் யாரும் பக்கத்தில் வேண்டாம்.

வெயில் ஏறும் முன் காலையில் செய்யுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், வெயிலில் நின்ற வண்டியின் டேங்க் மூடியைத் திறந்தாலே புஸ்ஸென்று ஆவி வரும். அப்படிப்பட்ட நாளில் மதியம் இந்த வேலை வேண்டாம். இராத்திரி முழுக்க ஆறிய என்ஜின், காலை நேரம், கூட ஒரு ஆள் என்பதே சரியான ஏற்பாடு. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். பெட்ரோல் கண்ணில் தெறித்தால் என்ன எரிச்சல் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

தேவையான சாமான்கள்: 7 பார் வரை காட்டும் ஃபியூயல் பிரஷர் கேஜ், அதோடு வரும் டி-ஜாயின்ட், இன்ஜெக்ஷன் வண்டிக்கென்று விற்கும் தடித்த ஃபியூயல் ஹோஸ், புதுக் கிளிப்புகள், பனியன் வேஸ்ட் ஒரு கட்டு, ஸ்பேனர் செட். சாதாரணக் கார்புரேட்டர் ஹோஸை வைத்துக் கேஜை மாட்டாதீர்கள். 3 பாருக்கு அது தாங்காது, கிளிப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். கையால் அடிக்கும் வேக்குவம் பம்ப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கேஜில் இரண்டு மூன்று விதமாக எண்கள் இருக்கும். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. பட்டறையில் "மூணு கிலோ பிரஷர்" என்றால் ஏறக்குறைய 3 பார்தான். மேனுவலில் 300 கிலோபாஸ்கல் என்று போட்டிருந்தாலும் அதே 3 பார்.

கேஜ் இல்லாமலே பார்க்க வேண்டியவை

பாதி வண்டிகளில் பதில் இங்கேயே கிடைத்துவிடும். அதனால் அவசரப்படாதீர்கள்.

வேக்குவம் ஹோஸை ரெகுலேட்டர் முனையில் உருவிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தாலோ, பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தாலோ டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசல் வழியாக என்ஜின் கணக்கில்லாமல் பெட்ரோலைக் குடிக்கிறது. சோதனை முடிந்தது, ரெகுலேட்டர் மாற்ற வேண்டும். லேசான வாடை மட்டும் இருந்தால் முடிவு எடுக்காதீர்கள். மேனிஃபோல்டிலிருந்து திரும்பி வந்த ஆவியாகவும் இருக்கலாம். ஹோஸை உதறித் துடைத்துவிட்டு, என்ஜினை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி மறுபடி உருவுங்கள். மறுபடியும் சொட்டு நின்றால் சந்தேகமே வேண்டாம்.

ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா, முனை தளர்ந்துவிட்டதா, எலி கடித்திருக்கிறதா? திருமங்கலம், மேலூர்ப் பக்கம் தோட்டத்து வீடுகளில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த ஹோஸை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஹோஸ் கிழிந்திருந்தால் ரெகுலேட்டருக்கு உறிஞ்சல் வந்து சேராது. ஐடிலிங்கில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காது. ரெகுலேட்டர் நன்றாக இருக்கும்போதே கெட்டது போலக் காட்டும். ஒரு சாண் ரப்பர்க் குழாயோடு முடிகிற வேலை அது.

பிறகு ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் தண்ணீர் போல ஓடினால், கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். பிளக்குகளையும் கழற்றுங்கள். எல்லாப் பிளக்குகளும் ஒரே மாதிரி கறுத்து, தொட்டால் கரி கையில் ஒட்டினால் அழுத்தம் அதிகம் என்ற சந்தேகம் வலுக்கும். ஒரே ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால், அந்த இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, அந்தப் பிளக்குக்குக் கரன்ட் சரியாக வருகிறதா என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

அழுத்தத்தை இறக்குதல்

என்ஜின் நின்ற பிறகும் ரெயிலில் அழுத்தம் இருக்கும். நேராக ஹோஸைக் கழற்றினால் முகத்தில் அடிக்கும். அதனால் முதலில் ஃபியூயல் பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவுங்கள். எது என்று ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் படம் போட்டிருக்கும். பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரெயிலில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓடி, இருமி நின்றுவிடும். மறுபடி இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று செகண்ட் செல்ஃப் அடியுங்கள். சாவியை எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டு மூடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் பெட்ரோல் வரத்தான் செய்யும். ஜாயின்ட்டைச் சுற்றிப் பனியன் வேஸ்ட்டைக் கனமாகச் சுற்றி, அதற்குள்ளேயே தளர்த்துங்கள். நனைந்த வேஸ்ட்டை என்ஜின் மேலே விட்டுவிடாதீர்கள். தூரத்தில் திறந்த வெளியில் பரப்பிக் காய வையுங்கள்.

கேஜை மாட்டுதல்

சில வண்டிகளில் ரெயிலிலேயே டியூப் வால்வு போன்ற சோதனை முனை இருக்கும். மூடியைக் கழற்றிக் கேஜைத் திருகினால் போதும். நம் ஊரில் ஓடும் பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, இடையில் டி-ஜாயின்ட்டைப் போட்டு, அதன் மூன்றாவது வாயில் கேஜை மாட்ட வேண்டும். மூன்று வாயிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். போல்ட் நடுவே ஓட்டை உள்ள பேஞ்சோ ஜாயின்ட் என்றால், இரண்டு பக்கமும் உள்ள வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரைத் திரும்பப் போட்டால் கசியும்.

கேஜின் ஹோஸ் ஃபேனில் மாட்டாதபடி, சைலன்சர் மேனிஃபோல்டைத் தொடாதபடி எடுத்துச் சென்று கட்டுங்கள். இப்போது ஃபியூஸைப் போட்டு, பேட்டரியை மாட்டுங்கள்.

மூன்று எண்கள்

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் பையன்களை நான் விடுவதில்லை.

முதல் எண். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பின் சீட்டுக்குக் கீழிருந்து இரண்டு செகண்ட் "ம்ம்ம்" என்று பம்ப் முனகி நிற்கும். கேஜ் முள் துள்ளி எழும். ஆஃப் செய்து, மறுபடி ஆன். மூன்று தடவை செய்தால் ஹோஸில் இருந்த காற்று போய் முள் நிலைக்கும். உடனே எண்ணைக் குறிக்காதீர்கள். முதலில் டார்ச் அடித்து எல்லா ஜாயின்ட்டையும் பாருங்கள். எங்கேயாவது ஈரம் தெரிந்தால் நிறுத்துங்கள். காய்ந்திருந்தால் எண்ணைக் குறியுங்கள். பழைய எம்.பி.எஃப்.ஐ வண்டிகளில் பெரும்பாலும் 2.5-லிருந்து 3 பார் சுற்றி இருக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவு அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுவே இறுதி.

இரண்டாவது எண். என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். முள் முதல் எண்ணைவிட அரை பார் அல்லது சற்றுக் கூடுதலாக இறங்கி, லேசாக நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நடுக்கம் இன்ஜெக்டர்கள் திறந்து மூடுவதால் வருவது. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

மூன்றாவது எண். என்ஜின் ஓடும்போதே ரெகுலேட்டரிலிருந்து வேக்குவம் ஹோஸை உருவி, ஹோஸின் வாயை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். அடைக்காவிட்டால் அதன் வழியே காற்றைக் குடித்து ஐடிலிங் தாறுமாறாகும். முள் உடனே மேலே ஏறி, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். ஹோஸைத் திரும்பச் செருகினால் மறுபடி இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் டயாஃப்ரம் அசைகிறது, ஸ்பிரிங் வேலை செய்கிறது, ஹோஸில் உறிஞ்சல் இருக்கிறது. மூன்று விஷயம் ஒரே அசைவில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முதல்முறை பார்க்கும் பையன்கள் ஹோஸை நாலைந்து தடவை உருவி உருவிச் செருகிப் பார்ப்பார்கள். நான் தடுப்பதில்லை.

உசிலம்பட்டி வண்டியில் கிடைத்த எண்கள் 3.0, 2.9, 3.0. ஹோஸைப் பிடுங்கினாலும் செருகினாலும் முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். அவருக்கே கேஜைக் காட்டினேன். "புதுப் பம்ப் நல்லாத்தான் தள்ளுது, பாருங்க. ஆனா இந்தப் பக்கம் அடக்க ஆளில்ல" என்றதும், "அப்ப பழைய பம்பும் நல்லாத்தான் இருந்திருக்குமாண்ணே?" என்று கேட்டார். அநேகமாக இருந்திருக்கும்.

இன்னும் இரண்டு சோதனைகள் பாக்கி. ஐடிலிங்கில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். முள் ஒரு துள்ளு மேலே போய் இறங்க வேண்டும். மேலே போகாமல் கீழே சரிந்தால், கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை. நத்தம் ரோடு மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது வண்டி திணறுகிறது, கொடைக்கானல் மலை ஏற்றத்தில் இழுவையே இல்லை என்று வருபவர்களுக்கு இந்தச் சோதனைதான் பேசும்.

கடைசியாக என்ஜினை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். முள் கொஞ்சம் இறங்கிப் பிறகு நின்றுகொள்ள வேண்டும். ஐந்து பத்து நிமிடம் கழித்தும் நல்ல அழுத்தம் மிஞ்சியிருந்தால் சரி. அந்த வண்டியில் மூன்று நிமிடத்தில் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. காலையில் நாலைந்து தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான். ரெயில் காலியாகி, ஒவ்வொரு காலையும் முதலிலிருந்து நிரம்ப வேண்டியிருந்தது.

எண்கள் தப்பாக இருந்தால்

அழுத்தம் அதிகம் என்றால் உடனே ரெகுலேட்டர்மேல் பழி போடாதீர்கள். மறுகால் அடைத்திருந்தாலும் கண்மாய் நிரம்பும். மறுபடி அழுத்தத்தை இறக்கிவிட்டு, ரெகுலேட்டரின் ரிட்டன் முனையில் தனி ஹோஸ் ஒன்றை மாட்டி, மறுமுனையைப் பெட்ரோல் கேனுக்குள் விட்டுக் கட்டி, சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். அழுத்தம் சரியான அளவுக்கு இறங்கிவிட்டால் ரிட்டன் லைனில்தான் கோளாறு. வண்டிக்கு அடியில் ஓடும் அந்தக் குழாய், கிராமத்து ரோட்டில் உயரமான ஸ்பீடு பிரேக்கரில் இடித்து நசுங்கியிருக்கலாம். ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்து நசுக்கியதையும் பார்த்திருக்கிறேன். தனி ஹோஸிலும் அழுத்தம் அதிகமாகவே இருந்தால் ரெகுலேட்டர் சிக்கிக்கொண்டிருக்கிறது.

அழுத்தம் குறைவு என்றால், ரிட்டன் லைனில் மெத்தென்ற ரப்பர்ப் பகுதியைத் தட்டையான கிளாம்பால் ஒரு நொடி மட்டும் மெதுவாக நெரியுங்கள். கேஜிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. முள் விறுவிறுவென்று 4 பாரைத் தாண்டி ஏறினால் உடனே விட்டுவிடுங்கள். பம்ப் பலமாக இருக்கிறது. ரெகுலேட்டர்தான் மூடாமல் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது. நெரித்தும் ஏறவில்லை என்றால் ரெகுலேட்டரில் குற்றமில்லை. முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு, பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ, ரிலேயிலோ, எர்த்திலோ கோளாறு. இத்தனையும் நன்றாக இருந்தால்தான் பம்ப் மாற்றும் பேச்சு.

பிளாஸ்டிக் அல்லது இரும்புக் குழாயை நெரிக்காதீர்கள். பழைய, வெடிப்பு விட்ட ரப்பரையும் தொடாதீர்கள், அங்கேயே பிளந்துகொள்ளும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இ20 பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-இல் எட்டப்பட்டது. பத்துப் பதினைந்து வருடப் பழைய வண்டிகளின் ஹோஸும் டயாஃப்ரமும் அந்தக் கலப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் பழைய வண்டிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது ஃபியூயல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பிசுபிசுத்தாலோ, காய்ந்து வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

நிறுத்தியதும் அழுத்தம் விழுகிறது என்றால் மூன்று வழிகள். சாவியை ஆன் செய்து அழுத்தம் ஏற்றி, ஆஃப் செய்த உடனே ரிட்டன் லைனை நெரியுங்கள். முள் நின்றுவிட்டால் ரெகுலேட்டர் ஒழுக்கு. நிற்காவிட்டால் மறுபடி அழுத்தம் ஏற்றி, இம்முறை டேங்கிலிருந்து வரும் ஹோஸை, டி-ஜாயின்ட்டுக்கு முன்னால் நெரியுங்கள். இப்போது நின்றால், பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கப் பம்ப்புக்குள் இருக்கும் செக் வால்வு பிடிக்கவில்லை. இரண்டையும் நெரித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால், இன்ஜெக்டர் ஒன்று சொட்டுகிறது. ஈரமான பிளக் எது என்று பார்த்தால் அது எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவிடும். டயாஃப்ரம் கிழிந்த வண்டியிலும் இதே போல இறங்கும் என்பதால்தான், வேக்குவம் ஹோஸில் சொட்டு இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொன்னேன்.

கை வேக்குவம் பம்ப் வைத்திருப்பவர்கள், ஐடிலிங்கில் அதை ரெகுலேட்டர் முனையில் மாட்டி மெதுவாக அடித்துப் பாருங்கள். உறிஞ்சல் ஏற ஏற ரெயில் அழுத்தம் இறங்க வேண்டும். அடிப்பதை நிறுத்தினால் வேக்குவம் முள் அங்கேயே நிற்க வேண்டும். தானாகக் கீழே வந்தால், சொட்டு வெளியே தெரியாத அளவுக்குச் சின்னக் கிழிசல் இருக்கிறது.

ரிட்டன் லைன் இல்லாத வண்டிகளில்

இங்கே சோதனை சுருக்கம். ரெயிலில் கேஜை மாட்டுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் குவிக் கனெக்டர் வழியாக. அதற்குப் பொருத்தமான அடாப்டர் இல்லாமல் நெம்பினால் கனெக்டர் உடையும். சாவி ஆன், ஐடிலிங், ரேஸ் என எந்த நிலையிலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் நிற்க வேண்டும். பல வண்டிகளில் அது 3-லிருந்து 4 பார். வேக்குவம் ஹோஸ் இல்லாததால் ஏற்ற இறக்கம் இருக்காது. குறைந்தாலோ கூடினாலோ டேங்குக்குள் இருக்கும் பம்ப் மாட்யூலைத் திறக்க வேண்டும். புதியவர்கள் அளந்து எழுதிக்கொண்டு அதோடு நிறுத்துங்கள். பின் சீட்டைத் தூக்கி டேங்கைத் திறப்பது, காருக்குள்ளேயே பெட்ரோல் ஆவியை நிரப்பும் வேலை.

புது ரெகுலேட்டர் போடும்போது

பார்ட் நம்பர் பார்த்து, அதே அழுத்தத்துக்கான ரெகுலேட்டரையே வாங்குங்கள். உருவம் ஒன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் தரும் வேறு வண்டிச் சாமானைப் போடாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் வேறு. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைப்பதும் வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பருக்கும் உங்களுடையதற்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

பெரும்பாலும் இரண்டு போல்ட்டுகள்தான். கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங் ரெயிலின் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புதியதை அழுத்தி, இரண்டு ஓ-ரிங்கோடு கசியவிட்டவர்கள் உண்டு. விரல் நுனியால் துளையைச் சுற்றித் தடவிப் பாருங்கள். புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு சுத்தமான என்ஜின் ஆயில் தடவி, நேராக அழுத்தி உட்காரவையுங்கள். சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம். அதன் துணுக்கு உள்ளே போனால் இன்ஜெக்டர் அடைக்கும். போல்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ரெயில் அலுமினியம் என்றால் மரை சீக்கிரம் போய்விடும், அளவோடு இறுக்கினால் போதும்.

டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் அன்றைக்கே மாற்றுங்கள். நீர்த்துப்போன ஆயிலோடு நெடுந்தூரம் ஓட்டினால் பேரிங் தேயும். ரெகுலேட்டரில் மிச்சப்படுத்தியதைவிட அது பல மடங்கு பெரிய செலவு.

பிறகு மறுபடி அதே மூன்று எண்கள். உசிலம்பட்டி வண்டியில் புது ரெகுலேட்டர் போட்டதும் 3.0, 2.4, 3.0 என்று வந்தது. கேஜைக் கழற்றி, பழைய ஹோஸுக்குப் பதில் புது ஹோஸும் கிளிப்பும் போட்டு, சாவியை மூன்று தடவை ஆன் செய்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஈரமில்லை. ஒரு அட்டையில் அந்த மூன்று எண்களையும் தேதியையும் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டினேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கவும், வண்டி நின்ற தரையில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் சொன்னேன். ஆறரை மணிக்கெல்லாம் போன் வந்தது: "வாடை இல்லண்ணே, தரையும் காஞ்சுதான் இருக்கு. இப்ப ஸ்டார்ட் பண்ணலாமா?"